காகிதத்தில் நடந்த கால்கள்

வயிற்றுவலிக்காரன் தானே வந்து சொல்வான், பல்வலிக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவான்; நடை பழகும் பிள்ளையின் கால் கோணலாக விழுகிறது என்றால் மட்டும், அந்தப் பிள்ளையைத் தவிர ஊரே வந்து டிரெசரிடம் பேசும்.

அந்தப் பேச்சைப் பல வருஷம் கேட்டவன் நான். முதலில் பிரிக்பீல்ட்ஸில், ரயில் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிய ஒரு சின்ன மருந்தகத்தில். பிறகு கிள்ளானுக்குத் தெற்கே, தெலுக் பங்லிமா காராங் போகிற செம்மண் சாலையில் தள்ளித் தள்ளி இருந்த நாலு ரப்பர் தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே டிரெசராக. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, மாதம் ஒரு தரம் வரும் வெள்ளைக்கார டாக்டர் சொல்வதைத் தமிழிலும் ஜனங்கள் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்வது, இதுதான் டிரெசர் வேலை. இரண்டு பாஷையும் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் மூன்றாவது வேலையில் எனக்கு நல்ல பெயர். ரப்பர் விலை விழுந்தபோது வேலை போயிற்று. நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறி, சில வருஷம் அங்கே ஒட்டாமல் இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் இந்த வயதில் மறுபடி பிரிக்பீல்ட்ஸுக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

முதல் நாள் பிள்ளை அடி வைத்துவிட்டது என்று தெருவுக்கே சொல்லிச் சிரித்து, இரண்டாம் நாள் அந்த அடியையே உற்றுப் பார்த்துக் கலங்கிப்போன தகப்பன்மாரே, தாய்மாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

வாசனை எண்ணெய்

பிரிக்பீல்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஒருவரின் மனைவி, ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கீழே நிறுத்தினால் இரண்டு கட்டை விரல்களும் ஒன்றையொன்று பார்த்து ரகசியம் பேசுவது போல நிற்கும். ஓடினால் வலது கால் இடது காலைத் தட்டிவிடும். என்னிடம் ஒரு இங்கிலீஷ் வைத்தியப் புத்தகம் இருந்தது. நடை பழகும் பிள்ளைகளுக்குப் பாதம் உள்ளே திரும்புவதும், முழங்கால் வளைந்திருப்பதும், உள்ளங்கால் தட்டையாக இருப்பதும் அநேகமாகத் தானே சரியாகிவிடும் என்று அதில் ஒரு வாக்கியம். சிலருக்குச் சரியாகாது என்று இரண்டாவது வாக்கியம். எது எந்த வகை என்று பாதத்தைக் கையில் பிடித்து, அசைத்து, நடக்கவிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்றாவது. நான் முதல் வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

“ஒன்றும் செய்ய வேண்டாம் அக்கா, தானே சரியாகிவிடும்” என்றேன். “இதச் சொல்லத்தான் ரெண்டு பாச படிச்சிட்டு வந்தியா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனாள். மறு வாரமும் வந்தாள். அதற்கு மறு வாரம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தொல்லை பொறுக்காமல் தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டு ஒரு சீசாவில் கொடுத்தேன்.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் பையன் ஒரு வாத்தைத் துரத்திக்கொண்டு மருந்தக வாசலைத் தாண்டி ஓடினான். கால்கள் அம்பு போல நேராகப் போயின. அவை எண்ணெய் இல்லாமலும் அப்படித்தான் போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலேயே ஓடிவந்த தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த நன்றியை அப்படியே வாங்கிக்கொண்டேன். என்னைக் கெடுத்தது அந்த ஒரு நிமிஷம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவள் சொன்னது: “என்னா கைராசி தம்பி ஒனக்கு! என் நாத்தனாருக்கு முட்டி வலி, அவளுக்கும் அதுல ஒரு சீசா குடு.”

இங்கிலீஷ் பூட்ஸ்

தோட்டத்துக்கு மாற்றலாகிப் போன பிறகு, பெரிய கிராணி வீட்டிலிருந்து அவசரமாக ஆள் வந்தது. தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கிராணி என்று பெயர். பெரிய கிராணி என்றால் துரைக்கு அடுத்தபடி. அவருடைய மகள், பதினைந்து மாதக் குழந்தை, முகவாய் கிழிந்து ரத்தம் ஒழுக அழுதுகொண்டிருந்தது. காலில் பளபளவென்று தோல் பூட்ஸ், கணுக்கால் வரை கயிறு போட்டுக் கட்டியது. இரண்டு தையல் போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன், வலது பூட்ஸ் இடது காலிலும் இடது பூட்ஸ் வலது காலிலும் மாறியிருந்தன.

மாட்டிவிட்ட ஆள் கைதவறி மாற்றிவிட்டான் போல என்று கழற்றப் போனேன். கிராணி தடுத்தார். பிள்ளைக்குப் பாதம் உள்ளே திரும்புகிறதாம். பூட்ஸை மாற்றிப் போட்டால் அது வெளியே திருப்பும், ஆக நடுவில் வந்து நிற்கும் என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார். பிள்ளையைத் தரையில் வெறுங்காலோடு விட்டேன். அது தையல் போட்ட வலியையும் மறந்து, விரல்களை விரித்துத் தரையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வரைக்கும் தத்தித் தத்திப் போய் நின்றது. “பார்த்தீர்களா, வெறுங்காலில் விழவில்லை” என்றேன். கிராணி பூட்ஸைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தபடி பெருமூச்சு விட்டார்: “பூட்ஸ் சீமையில செஞ்சது டிரெசர், அதுல குத்தம் இருக்காது, கால்தான் நம்ம ஊர்க் கால்.”

கரியும் காகிதமும்

நாலு தோட்டத்துக்கும் என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள். தாய்மார் விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, பால் எடுக்க மரம் வெட்டப் போய்விடுவார்கள்; பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். தாய் வேலையை விட்டு என்னிடம் வர முடியாது, வந்தால் அன்றைய பெயரும் கூலியும் போய்விடும். நானும் எல்லாக் கொட்டகைக்கும் போய்க்கொண்டிருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துப் பிள்ளையின் உள்ளங்காலில் பூசி, கடைக் காகிதத்தில் தடம் பதித்து, பெயர் எழுதி அனுப்பிவிட்டால், நான் மேஜையில் வைத்தே பார்த்துச் சொல்லிவிடுவேன்.

தோட்டத்து ஜனங்களுக்கு இது பிடித்துப்போயிற்று. கிருஷ்ணர் பாதம் மாதிரி இருக்கிறது என்று சில பேர் இரண்டு காகிதம் பதித்து, ஒன்றை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள். எனக்கும் பிடித்துப்போயிற்று. தட்டைப் பாதம், உள்ளே வளைந்த பாதம், குதிகால் படாமல் விரலில் நிற்கும் பாதம் எல்லாம் காகிதத்தில் ஜோசியக் கட்டம் போல வரிசையாக வந்தன. அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: தானே சரியாகிவிடும். அநேகமாக எல்லாம் சரியாகவும் ஆயின. மாதாந்திர டாக்டர்கூட ஒரு தரம் பார்த்துவிட்டு, கெட்டிக்காரத்தனம் என்று இங்கிலீஷில் சொன்னார். அதை நான் தமிழில் நாலு பேருக்கு மாற்றிச் சொன்னேன்.

ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் கடைசித் தோட்டத்து ஆயா காமாட்சி. நாற்பது பிள்ளைகளைக் குரலாலேயே அடக்கி வைத்திருப்பவள். காகிதக் கட்டை வாங்க நான் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒற்றைக் காலை ஊன்றி நின்றபோது, கட்டைக் கையில் கொடுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: “காயிதம் நடக்காதுங்க டிரெசரய்யா. எறங்கி உள்ள வந்து ஒரு நட பாத்துட்டுப் போங்களேன், சைக்கிள நான் புடிச்சுக்கிறேன்.”

நான் அன்று இறங்கவில்லை. அடுத்த தோட்டத்தில் வேலை இருந்தது.

மாரிமுத்து கொண்டுவந்த தடம்

அந்தக் கடைசித் தோட்டத்தில் காண் வெட்டுகிறவன் மாரிமுத்து. மரங்களுக்கு நடுவே தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டுவதுதான் காண் வெட்டு. நாள் முழுக்க முழங்கால் சேற்றில் நிற்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து, தலைவாரி, சட்டை போட்டுக்கொண்டு ஏழு மைல் நடந்து என் மருந்தகத்துக்கு வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தான். மகள் அஞ்சலையின் தடம். அப்போது பதினாலு மாதம், அடி வைக்க ஆரம்பித்து மூன்று வாரம்.

“எடது கால்தாங்க கொஞ்சம் ஒருக்களிச்சாப்புல விழுது. ஆயா ஒரு மாதிரி பேசுது. வீட்டுல அவ அழுவுறா.”

நான் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். அத்தனை சுத்தமான தடம் அதுவரை எனக்கு வந்ததில்லை. வழக்கமாகப் பிள்ளை திமிறும், கரி இழுபடும், விரல் ஒன்று காணாமல் போகும். இதில் குதிகால், விளிம்பு, ஐந்து விரல் எல்லாம் அச்சில் வார்த்தது போல. இடது கால் வலது காலைவிட நேராகவே இருந்தது. அதைக் கண்டு சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ சந்தோஷப்பட்டேன். டாக்டருக்கு மாதிரி காட்ட வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அந்தத் தடத்தை என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

“ஒன்றும் இல்லை மாரிமுத்து. தானே சரியாகிவிடும்.”

அவன் முகம் அப்போதுதான் சேறு கழுவினது போல் ஆயிற்று. போகாமல் நின்றான். பிறகு கூச்சத்தோடு கேட்டான்: “இத ஒரு சீட்டுல எழுதி ஒங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்கய்யா. நான் சொன்னா அவ நம்ப மாட்டா, நீங்க எழுதுனா தூங்குவா.”

எழுதிக் கொடுத்தேன்.

அம்மை குத்தப் போன நாள்

ஒன்றரை வருஷம் கழித்து, அம்மை குத்துவதற்காகக் காமாட்சியின் கொட்டகைக்குள் முதல் தடவையாக நுழைந்தேன். பிள்ளைகளை வரிசையாக அனுப்பச் சொன்னேன். ஒவ்வொன்றாக நடந்து வந்தன. நாலாவதாக வந்த பெண் குழந்தையின் இடது பாதம் தரையைப் பார்க்கவில்லை. உள்ளங்கால் வலது காலைப் பார்த்தது. பாதத்தின் வெளி விளிம்பில் ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைத் தூக்கிப் போட்டு வந்தது. என் முன்னால் வந்து கையை நீட்டிச் சிரித்தது. பெயர் கேட்டேன். அஞ்சலை.

ஊசியை வைத்துவிட்டுப் பாதத்தைக் கையில் எடுத்தேன். வெளி விளிம்பில் தோல் காய்த்து, மாட்டுக் குளம்பு போலக் கெட்டித்திருந்தது. திருப்பிப் பார்த்தேன், பாதி வழி வந்தது, அதற்குமேல் வரவில்லை. எலும்பு தன் இடத்தை முடிவு செய்துவிட்டிருந்தது. இது தானே சரியாகிற வகை இல்லை. சின்னதிலேயே தினமும் கையால் திருப்பிப் பட்டி கட்டியிருந்தால் நேராகியிருக்கும். எனக்குக் கட்டத் தெரியும். பட்டித் துணி என் அலமாரி நிறைய இருந்தது.

காண் வெட்டும் இடத்திலிருந்து மாரிமுத்துவைக் கூப்பிட்டு வந்தார்கள். காலெல்லாம் சேறு. கொட்டகைக்கு வெளியிலேயே நின்றான். “அந்தத் தடத்தை எப்படிப்பா பதிச்சே? நடக்கவிட்டா?” என்று கேட்டேன். நடக்கவிட்டுப் பதிக்க வேண்டும் என்று யாருக்கும் நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது, கேட்கும்போதே எனக்கு உறைத்தது.

அவன் ஏதோ நல்லது செய்ததைச் சொல்கிறவன் போலத்தான் சொன்னான். “இல்லீங்க. மடியில வச்சு, கெட்டியாப் புடிச்சு, திருப்பி அழுத்துனேன். பொம்பளப் புள்ளைங்க. பெரியவங்க மேசைக்குப் போவுற காயிதம், அதுல கோணலா விழுந்தா நல்லாவாங்க இருக்கும்?”

மொழிபெயர்ப்பு

கிள்ளானிலிருந்து ரயிலேறிக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். அஞ்சலை ஜன்னலோரம் நின்றுகொண்டு வந்தாள். எருமையைப் பார்த்தால் எருமை என்றாள், ஆற்றைப் பார்த்தால் ஆறு என்றாள். மாரிமுத்துவின் சட்டைப் பையில் ஒரு சீட்டு நாலாக மடிந்து இருந்தது. மேல் மடிப்பில் என் கையெழுத்தின் வால் தெரிந்தது. வழி முழுக்க அந்த வாலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கால் வைத்தியம் பார்க்கும் டாக்டர் வயதானவர், நிதானமானவர். பாதத்தைத் திருப்பினார், மடக்கினார், நடக்கவிட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அந்த வயதில் அவர் குந்தினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். இத்தனை நாள் ஏன் கொண்டுவரவில்லை, பொறுத்திருக்கும்படி யார் சொன்னது என்று தகப்பனைக் கேள் என்றார்.

கேட்டேன். என் தமிழ் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மாரிமுத்துவின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. விரல் சீட்டைத் தொட்டது. என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கை கீழே வந்துவிட்டது. “யாரும் சொல்லலீங்க. நானாத்தான் அசட்டையா இருந்துட்டேன்னு சொல்லுங்கய்யா” என்றான்.

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்ப்புக்கு எனக்குப் பரிசு கொடுத்தபோது எதற்கென்று தெரிந்திருக்கவில்லை. டாக்டர் மாரிமுத்துவைக் கோபமாகப் பார்த்துவிட்டு, இவர்களே இப்படித்தான் என்கிற பாவனையில் தலையை ஆட்டினார். மாவுக் கட்டுப் போட்டுப் பார்ப்போம், முழுசாக வராது என்றார். திரும்பி வரும்போது ரயிலில் பிள்ளை கட்டுப் போட்ட காலோடு தூங்கிவிட்டது. மாரிமுத்து என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னான்: “என்னைய ஒரு பேச்சுப் பேசுனா என்னாங்கய்யா, நான் மண்ணு வெட்டுறவன். ஒங்களைப் பேசிட்டா நாளைக்கு நாலு தோட்டத்துலயும் ஒங்க மருந்து யாரு குடிப்பா?”

ஈரத் தரை

மறுநாள் சுவரிலிருந்து தடத்தை எடுத்தேன். ஆணியைப் பிடுங்க முடியவில்லை. அது அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு கரியும் இல்லை, காகிதமும் இல்லை. வாரம் ஒரு கொட்டகை. சிமெண்டுத் தரையை ஈரத் துணியால் துடைத்து, அது காய்ந்ததும் பிள்ளைகளின் காலை நனைத்து விட்டுவிடுவேன். யாரும் பிடிக்கக் கூடாது. அவை தங்கள் இஷ்டத்துக்கு ஓடும். பின்னாலேயே நான் மண்டியிட்டுத் தடத்தைப் பார்த்துக்கொண்டு போவேன், பிறகு ஒவ்வொரு பாதமாகக் கையில் எடுத்து அசைத்துப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் இரண்டு பிள்ளைகளுக்குச் சரியான சமயத்தில் பட்டி கட்டினேன். நேராகின. அவர்களுடைய தாய்மார் கையெடுத்துக் கும்பிட்டபோது எனக்குப் பேசாமல் போய்விட வேண்டும் போல இருந்தது.

காமாட்சியின் கொட்டகையில் அஞ்சலை மாவுக் கட்டோடு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஈரத் துணியை என்னிடம் நீட்டுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். கட்டு எட்டு மாதம் இருந்தது. அவிழ்த்தபோது குதிகால் தரையைத் தொட்டது, பாதி பாதம் தரையைப் பார்த்தது, மீதிப் பாதி பார்க்கவில்லை. விந்தி நடப்பது நிலைத்துவிட்டது. முதல் வாரம் நான் மண்டியிட்டதைப் பார்த்துக்கொண்டே நின்ற காமாட்சி, யாரையும் குத்திக் காட்டாத குரலில், தண்ணீர்ச் செம்பைப் பார்த்துச் சொன்னாள்: “குனிஞ்சா நல்லாத்தான் தெரியும்போல.”

மறுபடி பிரிக்பீல்ட்ஸ்

நான் வேலை போய்க் கப்பலேறிய காலத்தில் மாரிமுத்துவும் குடும்பமும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. திரும்பி வந்த பிறகு விசாரிக்க நினைத்து விசாரிக்காமலே இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்டரிடம் இப்போது காலையில் மட்டும் உதவிக்குப் போகிறேன்.

சென்ற மாதம் ஒரு காலை, முன்னறையில் ஒரு காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று அழுத்தம், ஒன்று இழுப்பு. ஒன்று அழுத்தம், ஒன்று இழுப்பு. நான் மருந்துச் சீசாவைக் கீழே வைத்தேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பதினெட்டு வயது இருக்கும். இடுப்பில் ஒரு வயதுப் பையன்.

“நான் அஞ்சலைங்க. காண்வெட்டு மாரிமுத்து மவ. நீங்க இங்க இருக்கீங்கன்னு சொன்னாங்க. ஞாபகம் இருக்குங்களா?”

ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிப் பாயின்ட் போடுகிறவரைக் கட்டிக்கொண்டாளாம்; ஆறு மாதமாக இங்கேதான் குடியிருக்கிறாளாம். தாய் கூட இருக்கிறாள். தகப்பன் காய்ச்சலில் போய் மூன்று வருஷம். “அப்பா எப்பவும் சொல்லும்ங்க, டிரெசரய்யாதான் நம்மளுக்காக வெள்ளக்காரன்கிட்டப் பேசுனாருன்னு.”

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. உட்கார்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி அறையில் நடந்ததைச் சொன்னேன். பொறுக்கச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டதை, அவள் தகப்பன் கை பையிலிருந்து இறங்கியதை, நான் மொழிபெயர்த்ததை. இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடமும் சொல்லாததை, சொல்லக் கூடாத ஆளிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் அவள் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அதை மட்டும் விடுவித்தாள்.

“தெரியும்ங்க” என்றாள். “அப்பா பொட்டியில அந்தச் சீட்டு இருந்துச்சு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசம் படிச்சேன். அத்தினி எழுத்துப் படிக்க அது போதும்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட வந்தே?”

அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பானையில் நனைத்துப் பிழிந்து, அந்தக் கோணல் காலை ஒரு பக்கமாக மடக்கி உட்கார்ந்து, அறையின் சிமெண்டுத் தரையைத் துடைத்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. கொட்டகையில் எனக்குத் துணி நீட்டிய அதே மும்முரம். தரை காய்ந்ததும் பையனின் காலை நனைத்து அதில் விட்டாள். விட்டுவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பையன் ஆடினான், நின்றான், அடி வைத்தான். ஆறு அடி. விழுந்தான். எழுந்து இன்னும் நாலு அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தான்.

“நான் புடிக்கலீங்க. எல்லாம் அவனா வச்சது” என்றாள்.

நான் மண்டியிட்டேன். இடது தடம் கொஞ்சம் உள்ளே திரும்பியிருந்தது. குதிகால் முழுசாகப் பதிந்திருந்தது. பாதத்தைக் கையில் எடுத்தேன். மிருதுவாக இருந்தது, திருப்பினால் வந்தது, விட்டால் தன் இடத்துக்கு நிதானமாகப் போயிற்று. மறுபடி நடக்கவிட்டேன். மறுபடி பார்த்தேன். இது அநேகமாகத் தானே நேராகிற வகை. எந்தத் தாய்க்கும் கேட்கப் பிடிக்கும் அந்த இரண்டு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, பழைய பழக்கம். ஈரம் உலர்ந்து தடம் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தது. நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளுக்கு என் முகத்திலேயே தெரிந்துவிட்டது போல. கையை நீட்டித் தடுத்தாள்.

“சரியாயிரும்னு மட்டும் சொல்லிராதீங்கய்யா. மறுபடி எப்ப வந்து காட்டணும், அத மட்டும் சொல்லுங்க.”

மாதம் ஒரு தரம் என்று சொல்லியிருக்கிறேன். பாதம் பார்க்கிறவன் முதலில் தன் முழங்காலை மடக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள எனக்கு அடுத்தவர் பிள்ளையின் ஒரு கால் செலவாகியிருக்கிறது, இப்போது பாருங்கள், மடக்கினால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.